ஐந்து சாம்பியன்கள், நான்கு இடங்கள்

2020-21 பருவத்தில் பெர்லின் நகரின் விக்டோரியா அணி பதினோரு லீக் ஆட்டங்கள் ஆடியது. பதினொன்றிலும் வென்றது. கொரோனாவால் லீக் பாதியில் நின்றுபோக, விக்டோரியா நேராக மூன்றாம் லீக்குக்கு ஏறியது. அடுத்த பருவத்தில் அதே நகரத்தின் பி.எஃப்.சி. டைனமோ, அதே பிரிவில், 38 ஆட்டங்களையும் முழுதாக ஆடி முதலிடம் பிடித்தது. டைனமோ ஏறவில்லை. வடக்குப் பிரிவின் சாம்பியன் ஓல்டன்பர்க்கோடு அது இன்னும் இரண்டு ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. சொந்த மைதானத்தில் 0-2 என்று தோற்று, ஓல்டன்பர்க்கில் 2-1 என்று வென்று, மொத்தக் கணக்கில் ஒரே ஒரு கோல் பின்தங்கி, மறுபடி அதே நான்காம் தளத்தில் ஆடத் திரும்பியது.

விக்டோரியாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொடுக்கப்பட்டதை அது பெற்றுக்கொண்டது. ஆனால் ஒரே பிரிவின் இரண்டு சாம்பியன்களுக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு விதமான பரிசு கிடைத்தது ஏன் என்று கேட்டால், ஆட்டத்தில் பதில் இல்லை. எந்த ஆண்டில் வென்றார்கள் என்பது மட்டுமே காரணம். ஜெர்மனியின் கீழ்த்தளக் கால்பந்தைப் பற்றிய எந்த மதிப்பீடும் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு கிளப்பின் தர உயர்வுக் கனவைத் தீர்மானிப்பது அதன் தகுதியா, அதன் முகவரியா?

அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பன்டஸ்லீகா, இரண்டாம் பன்டஸ்லீகா, மூன்றாம் லீக் ஆகிய மூன்றும் நாடு முழுமைக்கும் பொதுவானவை. நான்காம் தளமான ரெகியோனல்லீகாவில் நாடு ஐந்தாகப் பிரிகிறது: வடக்கு, வடகிழக்கு, மேற்கு, தென்மேற்கு, பவேரியா. மூன்றாம் லீக்கின் 20 அணிகளில் நான்கு ஆண்டுதோறும் கீழே இறங்குகின்றன. ஆகவே நான்கு அணிகள் மேலே வரலாம். ஐந்து சாம்பியன்கள், நான்கு இடங்கள். மேற்குக்கும் தென்மேற்குக்கும் தலா ஒரு நிரந்தர இடம். மூன்றாவது நேரடி இடம் வடக்கு, வடகிழக்கு, பவேரியா ஆகிய மூன்றுக்கும் முறைவைத்துச் சுற்றிவருகிறது. அந்த ஆண்டில் முறை வராத இரண்டு பிரிவுகளின் சாம்பியன்கள் ஆளுக்கொரு மைதானத்தில் இரண்டு ஆட்டங்கள் கொண்ட பிளே-ஆஃபில் மோதி, வென்றவர் ஏறுவார்.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததல்ல. மூன்றாம் லீக் 2008-இல் தொடங்கியபோது ரெகியோனல்லீகாவில் மூன்றே பிரிவுகள். மூன்று சாம்பியன்களும் நேரடியாக ஏறினார்கள். 2012-இல் பிரிவுகள் ஐந்தாயின, இடங்களோ மூன்றாகவே நின்றன. ஐந்து சாம்பியன்களும் தென்மேற்கின் இரண்டாம் இடத்து அணியும் சேர்ந்து ஆறு பேர், மூன்று ஜோடிகளாக மோதினார்கள். ஆறு ஆண்டுகள் அப்படி ஓடின. சாம்பியன் பட்டம் யாருக்கும் எந்த உறுதியையும் தராத காலம் அது. பிறகுதான் நான்காவது இடம் சேர்ந்து, இரண்டு ஆண்டு இடைக்கால ஏற்பாட்டுக்குப் பின் இப்போதைய சுழற்சி முறை நிலைத்தது. ஆக, முன்பைவிட இது நல்ல ஏற்பாடு. அதை மறுக்க முடியாது. முன்பைவிட நல்லது என்பது மட்டும் போதுமா என்பதுதான் எடைபோட வேண்டியது.

ஏற்பாட்டை ஆதரிப்பவர்களின் வாதங்களில் மிக வலுவானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மேற்கும் தென்மேற்கும் பெரிய பிரிவுகள், அங்கே அணிகள் அதிகம், போட்டி கடுமையானது, ஆகவே அவற்றின் சாம்பியன்களுக்கு உறுதியான இடம் நியாயமே என்கிறது அந்த வாதம். இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. மேலேறிய அணி மூன்றாம் லீக்கில் முதல் பருவத்தைத் தாக்குப்பிடித்ததா, உடனே விழுந்ததா என்று பார்ப்பது.

2019 முதல் 2024 வரை ஆறு கோடைகளில் 24 அணிகள் ஏறின. மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வந்தவை 12: விக்டோரியா கொலோன், ஃபெர்ல், டார்ட்முண்டின் இரண்டாம் அணி, ரோட்-வைஸ் எஸ்ஸன், மியூன்ஸ்டர், ஆக்கன், வால்ட்ஹோஃப் மன்ஹைம், சார்ப்ரூக்கன், ஃப்ரைபர்க்கின் இரண்டாம் அணி, எல்வர்ஸ்பெர்க், உல்ம், ஸ்டுட்கார்ட்டின் இரண்டாம் அணி. இவற்றில் ஒன்றுகூட முதல் பருவத்தில் விழவில்லை. எல்வர்ஸ்பெர்க், உல்ம், மியூன்ஸ்டர் மூன்றும் ஒரே ஆண்டில் மூன்றாம் லீக்கையும் கடந்து இரண்டாம் பன்டஸ்லீகாவுக்குப் போய்விட்டன. மற்ற மூன்று பிரிவுகளிலிருந்து ஏறியவையும் 12. அவற்றில் எட்டு முதல் பருவத்திலேயே திரும்பி இறங்கின.

பன்னிரண்டுக்குப் பூஜ்யம், பன்னிரண்டுக்கு எட்டு. சீர்திருத்தம் கேட்பவர்கள் இந்தக் கணக்கைத் தாண்டிக் குதித்துவிடக் கூடாது. 'சாம்பியன்கள் மேலேறியாக வேண்டும்' என்று ஜெர்மன் மைதானங்களில் பதாகை பிடிப்பவர்களின் பக்கம்தான் என் மனமும் சாய்கிறது. ஆனால் எதிர்த்தரப்பின் சான்று இவ்வளவு திடமாக இருக்கும்போது அதை நேராக எதிர்கொள்ளாத திறனாய்வுக்கு மதிப்பில்லை.

நேராக எதிர்கொண்டால், முதலில் தெரிவது 'மற்ற மூன்று பிரிவுகள்' என்ற மூட்டை ஒரே மாதிரியானதல்ல என்பது. பவேரியாவிலிருந்து அந்தக் காலத்தில் ஏறியவை நான்கு: பயர்ன் மியூனிக்கின் இரண்டாம் அணி, டுர்க்குஜு மியூனிக், பைரொய்ட், உன்டர்ஹாக்கிங். முதல் பருவத்தில் விழுந்தது பைரொய்ட் மட்டும். பயர்னின் இரண்டாம் அணியோ ஏறிய ஆண்டே மூன்றாம் லீக் பட்டத்தை வென்றது. வடகிழக்கிலிருந்து மூன்று: கெம்னிட்ஸ் விழுந்தது, விக்டோரியா பெர்லின் விழுந்தது, கொட்புஸ் நான்காம் இடம் பிடித்து அடுத்த தளத்தின் வாசல்வரை போனது. மீதி ஐந்தும் வடக்கு: லூபெக் இரண்டு முறை, ஹாவெல்ஸ, ஓல்டன்பர்க், ஹானோவரின் இரண்டாம் அணி. ஐந்தும் விழுந்தன. எட்டுத் தோல்விகளில் ஐந்து ஒரே பிரிவுக்கு உரியவை. பவேரியாவையும் வடகிழக்கையும் அந்தக் கணக்கோடு கட்டிப்போட்டு, 'பலவீனமான மூன்று' என்று பெயரிடுவது சரியான அளவீடு ஆகாது.

இன்னொன்றும் இதே கணக்கிலிருந்து வெளிவருகிறது, எனக்கு இதுதான் மிக முக்கியமாகப்படுகிறது. மூன்றாம் லீக்கில் நிற்க முடியாத இதே வடக்குப் பிரிவுதான் 2021 முதல் 2025 வரை பிளே-ஆஃபில் யாரிடமும் தோற்காமல் இருந்தது. 2021-இல் ஹாவெல்ஸ பவேரியாவின் ஷ்வைன்ஃபுர்ட்டை இரண்டு ஆட்டங்களிலும் 1-0 என்று வென்றது. 2022-இல் ஓல்டன்பர்க் டைனமோவை. 2024-இல் ஹானோவரின் இரண்டாம் அணி வுர்ட்ஸ்பர்க் கிக்கர்ஸைப் பெனால்டியில். 2025-இல் மறுபடியும் ஹாவெல்ஸ, லோகோமோட்டிவ் லைப்சிக்கை. அந்தக் காலத்தில் வடக்கின் அணி பிளே-ஆஃபில் இறங்கிய நான்கு முறையும் வென்றது. அப்படி வென்று ஏறி 2025-க்குள் ஒரு பருவத்தை முடித்த மூன்று அணிகளும் உடனே இறங்கின. மேலே ஆடத் தகுதியானவரைப் பொறுக்கி எடுப்பது பிளே-ஆஃபின் வேலை என்றால், அந்த வேலையை அது செய்யவில்லை.

இது ஐந்தாறு ஆண்டுகளின் தற்செயலாக இருக்கலாம் என்று ஒருவர் சொல்லலாம். அப்படியானால் அதற்கு முந்தைய காலத்தைப் பார்ப்போம். 2015 முதல் 2018 வரை நான்கு கோடைகளில் தென்மேற்குப் பிரிவு எட்டு அணிகளைப் பிளே-ஆஃபுக்கு அனுப்பியது. ஓஃபன்பாக் மாக்டபர்க்கிடம் தோற்றது. சார்ப்ரூக்கன் முதலில் வுர்ட்ஸ்பர்க்கிடம் பெனால்டியில், பிறகு 2018-இல் 1860 மியூனிக்கிடம். எல்வர்ஸ்பெர்க் ட்ஸ்விக்காவிடமும் உன்டர்ஹாக்கிங்கிடமும். வால்ட்ஹோஃப் மன்ஹைமின் கதை இன்னும் கொடுமை: 2016-இல் லோட்டவிடம், 2017-இல் மெப்பனிடம் பெனால்டியில், 2018-இல் ஊர்டிங்கனிடம், அதுவும் ரசிகர்களின் கலவரத்தால் ஆட்டம் முடியாமலே நிறுத்தப்பட்டு. எட்டுக்கு எட்டும் தோல்வி. எண்பதுகளில் ஏழு ஆண்டு பன்டஸ்லீகாவில் ஆடிய மன்ஹைம், பன்டஸ்லீகாவின் 1963 தொடக்க அணிகளில் ஒன்றான சார்ப்ரூக்கன், இருவரும் மறுபடி மறுபடி ஒரே சுவரில் முட்டிக்கொண்டிருந்தார்கள்.

அன்று பிளே-ஆஃப் முடிவுகளை வைத்து யாராவது பிரிவுகளைத் தரவரிசைப்படுத்தியிருந்தால் தென்மேற்கு கடைசியில் இருந்திருக்கும். ஆனால் அந்தப் பிரிவுக்கு நேரடி இடம் கிடைத்ததும் என்ன நடந்தது? தோற்ற அதே அணிகள்தான் ஏறின. மன்ஹைம் 2019-இல் ஏறி நிலைத்தது. சார்ப்ரூக்கன், நான்காம் தளத்து அணியாக இருந்தபோதே 2020-இல் ஜெர்மன் கோப்பையின் அரையிறுதி வரை போனது. அந்த ஆண்டே ஏறி, முதல் பருவத்தில் ஐந்தாம் இடம் பிடித்தது. எல்வர்ஸ்பெர்க் 2022-இல் ஏறி, மறு ஆண்டே மூன்றாம் லீக் சாம்பியனாகி, 2025-இல் பன்டஸ்லீகாவுக்கான பிளே-ஆஃபில் ஹைடன்ஹைமிடம் கடைசி நிமிடக் கோலில்தான் தோற்றது. பதின்மூவாயிரம் பேர் வசிக்கும் ஊர் அது. 2016-இலும் 2017-இலும் மூடியிருந்த கதவுக்குப் பின்னால் இருந்தது இந்த அணி.

அதே நான்கு கோடைகளில் ஏறிய 12 அணிகளில் பத்து வடக்கு, வடகிழக்கு, பவேரியா ஆகிய பிரிவுகளிலிருந்து வந்தவை. அந்தப் பத்தில் முதல் பருவத்தில் இறங்கியது ஒன்றே ஒன்று, 2018-இல் ஏறிய கொட்புஸ். அன்று பெரும்பாலான ஆண்டுகளில் மூன்று அணிகள்தான் இறங்கின என்பதால் இரண்டு காலங்களையும் அப்படியே தராசில் வைக்க முடியாது. ஆனாலும் இவர்களில் பலர் தட்டுத்தடுமாறித் தப்பியவர்களல்லர். மாக்டபர்க் நான்காம் இடம். ட்ஸ்விக்காவ் ஐந்தாம் இடம். வுர்ட்ஸ்பர்க்கும் ரெகன்ஸ்பர்க்கும் ஏறிய ஆண்டே மூன்றாம் இடம் பிடித்து இரண்டாம் பன்டஸ்லீகாவுக்குப் போயின.

ஆக, ஒரு காலத்தில் இந்த மூன்று பிரிவுகளின் அணிகள் மேலே போய் நன்றாக ஆடின. அடுத்த காலத்தில் தடுமாறின. பிரிவுகளின் பலம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு பெரிய கிளப் கீழே விழுந்து சில ஆண்டுகள் தங்கினால் அந்தப் பிரிவு கனக்கிறது. அது ஏறிப்போனதும் லேசாகிறது. 1955-இன் ஜெர்மன் சாம்பியனான எஸ்ஸன் பதினோரு ஆண்டுகள் மேற்குப் பிரிவில் கிடந்தது. ஒருகாலத்தில் பன்டஸ்லீகாவிலும் ஐரோப்பியக் கோப்பையிலும் ஆடிய ஆக்கன் அதே அளவு காலம் கிடந்தது. நான்காம் தளத்து ஆட்டத்துக்குச் சில வாரங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரை வரவழைத்தது. இப்போது இருவரும் மேலே. இப்படி நகரும் ஒன்றை அடிப்படையாக வைத்து நகராத சலுகையை எழுதிவைத்ததுதான் இந்த ஏற்பாட்டின் முதல் பிழை. மாதிரி எண்ணிக்கை சிறியது, ஆறு ஆண்டுகளை வைத்து எதையும் நிறுவ முடியாது என்று யாராவது என்னை மறுத்தால், அதை மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வேன். நிறுவ முடியாத ஒன்றின் பேரில் இரண்டு பிரிவுகளுக்கு நிரந்தர இடமும் மூன்று பிரிவுகளுக்கு மூன்றாண்டுக்கு ஒரு முறையும் என்று எப்படிப் பங்கிட்டார்கள் என்பதே அடுத்த கேள்வி.

கொட்புஸ் இதற்கு மிகத் தெளிவான சான்று. 2023-இல் வடகிழக்கின் சாம்பியன். பிளே-ஆஃபில் உன்டர்ஹாக்கிங்கிடம் இரண்டு ஆட்டங்களிலும் தோல்வி. 2024-இல் மீண்டும் வடகிழக்கின் சாம்பியன். அது வடகிழக்கின் முறை என்பதால் நேரடி இடம். மேலே போய் நான்காம் இடம். தொடர்ந்து இரண்டு முறை பட்டம் வென்ற அணி, முதல் முறை தகுதியற்றதாகவும் இரண்டாம் முறை தகுதியுள்ளதாகவும் ஆனது சுழற்சி அட்டவணையால்.

வடகிழக்கு என்று சொல்லும்போது எதைச் சொல்கிறோம் என்று ஒரு கணம் நிற்க வேண்டியிருக்கிறது. பழைய கிழக்கு ஜெர்மனியின் கால்பந்து வரலாறு பெரும்பாலும் இந்த ஒரு பிரிவில் அடைந்து கிடக்கிறது. தொடர்ந்து பத்து முறை நாட்டின் பட்டத்தை வென்ற டைனமோ. மூன்று பட்டங்களோடு 1981-இல் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையின் இறுதி வரை போன யேனா. 1967-இன் சாம்பியன் கெம்னிட்ஸ், அன்று ஊரின் பெயர் கார்ல்-மார்க்ஸ்-ஷ்டாட். இரண்டு பட்டங்கள் வென்ற எர்ஃபுர்ட், 1976-இல் ஐரோப்பிய அரையிறுதி ஆடிய ட்ஸ்விக்காவ், ஹாலே. இத்தனை பேரும் 2024-25 பருவத்தில் நான்காம் தளத்தில் ஒரே பிரிவில் மோதினார்கள். ஒருங்கிணைப்புக்குப் பின் கிழக்கின் தொழிற்சாலைகள் மூடப்பட்டதும், புரவலர்கள் போனதும், கிளப்புகள் திவாலானதும் தனிக் கதை. அதற்குக் கால்பந்துச் சங்கத்தின் ஒரு விதிமுறையைப் பொறுப்பாக்க முடியாது. ஆனால் விழுந்தவர்கள் எழும்போது வழியைக் குறுக்கியது அந்த விதிமுறைதான்.

லோகோமோட்டிவ் லைப்சிக்கின் பாதையைப் பார்த்தால் இது புரியும். 1987-இல் ஏதென்ஸில் ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பை இறுதியில் அயாக்ஸிடம் 0-1 என்று தோற்ற அணி. ஒருங்கிணைப்புக்குப் பின் வி.எஃப்.பி. லைப்சிக் என்று பெயர் மாற்றி, ஒரு பருவம் பன்டஸ்லீகாவிலும் ஆடி, பிறகு இருமுறை திவாலாகி மறைந்தது. ரசிகர்களே கிளப்பை மறுபடி பதிவுசெய்து 2004-இல் ஆகக் கீழான பதினோராம் தளத்திலிருந்து தொடங்கினார்கள். அந்தத் தளத்தின் ஓர் ஆட்டத்துக்கு 12,421 பேர் வந்தார்கள். அங்கிருந்து ஏறி நான்காம் தளத்துக்கு வந்து, 2020-இல் பட்டம் வென்றார்கள். பிளே-ஆஃபில் ஃபெர்லோடு 2-2, 1-1. இரண்டு ஆட்டங்களிலும் தோற்கவில்லை. வெளி மைதானக் கோல் விதியால் ஃபெர்ல் ஏறியது. 2025-இல் மறுபடி பட்டம். ஹாவெல்ஸவோடு சொந்த மண்ணில் 1-1. மறு ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் 0-3. இரண்டு முறை சாம்பியன், இரண்டு முறையும் வடகிழக்கின் முறை இல்லாத ஆண்டு.

ஃபெர்லின் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2020-இல் மேற்கின் சாம்பியனான ரோடிங்ஹவுசன் மூன்றாம் லீக் உரிமத்துக்கே விண்ணப்பிக்கவில்லை. அந்த இடத்தில் வந்தது ஃபெர்ல். சொந்த மைதானம் தகுதிபெறாததால் முதல் பருவங்களில் பக்கத்து ஊர்களின் மைதானங்களில் ஆடியது. பலரும் அடுத்த ஆண்டே இறங்கிவிடும் என்று நினைத்திருப்பார்கள். முதல் பருவத்தில் ஏழாம் இடம், பிறகும் நிலைத்து நின்றது. பிளே-ஆஃப் சில சமயம் சரியான அணியையும் தேர்ந்தெடுக்கிறது. ஆனால் லோகோமோட்டிவும் ஃபெர்லும் ஒருவருக்கொருவர் எதிரியாக நிற்க வேண்டிய அவசியமே அங்கே இல்லை. இருவருக்கும் இடம் இருந்திருக்க வேண்டும்.

பெரிய கிளப்புகளின் இரண்டாம் அணிகளைப் பற்றிய மனக்குறை கீழ்த்தளங்களில் எங்கும் கேட்கும். 2019 முதல் 2025 வரை தென்மேற்கின் ஏழு நேரடி இடங்களில் மூன்று ஃப்ரைபர்க், ஸ்டுட்கார்ட், ஹோஃபன்ஹைம் ஆகியவற்றின் இரண்டாம் அணிகளுக்குப் போயின. இவை மூன்றாம் லீக்கைத் தாண்ட அனுமதி இல்லை. 2022-23-இல் ஃப்ரைபர்க்கின் இரண்டாம் அணி இரண்டாம் இடம் பிடித்தும் அங்கேயே நின்றது. மேலே போக முடியாத அணி மேலே போகும் வழியில் நிற்பது நெருடல்தான். இருந்தும், களத்தில் வென்றவரை இறக்கிவைத்துவிட்டுத் தோற்றவரை ஏற்றச் சொல்வது நான் கேட்கும் நியாயத்துக்கே எதிரானது. இந்தக் குறையை வேறு வழக்காக நடத்த வேண்டும்.

பணத்தின் பக்கம் இன்னும் கவனமாகப் பேச வேண்டும். நான்காம் தளத்தில் தொலைக்காட்சிப் பணம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மூன்றாம் லீக்கில் உண்டு, ஆனால் செலவும் அதைத் துரத்தி வருகிறது. பட்டம் வெல்ல முழுநேர ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்ள வேண்டும். பட்டம் வென்றபின்னும் எந்த லீக்கில் ஆடுவோம் என்று தெரியாத நிலையில் மே மாதக் கடைசியும் ஜூன் தொடக்கமும் கழிகின்றன. ஒப்பந்தங்கள் முடியும் நேரம் அது. ஊர்டிங்கன் ரஷ்ய முதலீட்டாளர் ஒருவரின் பணத்தில் 2018-இல் ஏறி, 2021-இல் திவாலாகி உரிமம் இழந்தது. டுர்க்குஜு மியூனிக் 2020-இல் ஏறி, 2022 மார்ச்சில் பருவத்தின் நடுவே விலகியது; அதன் முடிவுகள் எல்லாம் அழிக்கப்பட்டன. டுர்க்குஜு நேரடி இடத்தில் ஏறியது, ஊர்டிங்கன் பிளே-ஆஃபில் ஏறியது. ஆகவே இந்த வீழ்ச்சிகளைப் பிளே-ஆஃபின் மேல் ஏற்ற முடியாது. ஒரு மனிதரின் பையை நம்பி நடத்தப்பட்டதே காரணம். நிச்சயமின்மை சூதாடச் சொல்கிறது என்ற வாதம் எனக்குப் பொருத்தமாகத் தோன்றினாலும், அதற்கு இந்த இரண்டையும் சான்றாகக் காட்டுவது தவறு.

இனித் தீர்வுகள். ஐந்து சாம்பியன்களையும் ஏற்றிவிடலாம் என்பது முதல் யோசனை. அப்படியானால் மூன்றாம் லீக்கிலிருந்து ஐந்து அணிகள் இறங்க வேண்டும். மேலே இரண்டு நேரடியாகவும் ஒன்று பிளே-ஆஃபிலும் போவதைச் சேர்த்தால், இருபதில் ஏழெட்டு அணிகள் ஒவ்வொரு கோடையிலும் மாறும். நான்கில் ஒரு பங்கு அணிகள் இறங்கும் லீக்கில் எந்தக் கிளப்பும் இரண்டாண்டுத் திட்டம்கூடப் போட முடியாது. மூன்றாம் லீக் கிளப்புகள் இதை எதிர்ப்பது சுயநலம் மட்டுமல்ல. மூன்றாம் லீக்கையே இரண்டாக உடைப்பது இரண்டாவது யோசனை. நாடு தழுவிய லீக்காக அது பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கட்டியெழுப்பிய பார்வையாளர் கூட்டத்தையும் ஒளிபரப்பு மதிப்பையும் அது கலைக்கும். இரண்டையும் நான் ஏற்கவில்லை.

எஞ்சுவது ரெகியோனல்லீகாவை நான்கு பிரிவாக்குவது: நான்கு சாம்பியன்கள், நான்கு இடங்கள். இங்கே ஆதரவாளர்களின் வலுவான கணக்கு அவர்களுக்கு எதிராகவே திரும்புகிறது. வடக்கு, வடகிழக்கு, பவேரியா மூன்றும் சேர்ந்து மேற்கு, தென்மேற்கு இரண்டுக்கும் சமமான பலமே கொண்டவை என்று அவர்கள் உண்மையாகவே நம்பினால், மூன்றை இரண்டாக்குவதுதான் அதன் நேரடி விளைவு. மூன்றாகவே வைத்திருந்து ஒருவரின் பட்டத்தை ஆண்டுதோறும் பாதியாக்குவது அந்த நம்பிக்கையிலிருந்து பிறக்க முடியாது. பிரிவுகள் சமம் என்று நம்பினாலும் நான்கு பிரிவு சரி. சமமில்லை என்று நம்பினாலும் நான்கு பிரிவு சரி. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் வாதம் ஒரே இடத்தில் வந்து சேரும்போது, தீர்ப்பில் எனக்குத் தயக்கமில்லை: இப்போதைய ஏற்பாடு விளையாட்டு நியாயத்தில் நிற்கவில்லை.

ஆனால் நான்கு பிரிவுக்கும் விலை உண்டு, அதைச் செலுத்தப்போவது பட்டத்துக்கு மோதுகிறவர்கள் அல்லர். இப்போது ஐந்து பிரிவுகளிலும் ஏறக்குறைய 90 அணிகள். இருபது இருபதாக நான்கு பிரிவு என்றால் 80. பத்து அணிகள் ஐந்தாம் தளத்துக்குப் போக வேண்டும், அதுவும் விதி மாறிய காரணத்துக்காக மட்டும். பருவம் 34 ஆட்டங்களிலிருந்து 38 ஆகும். பகலில் வேலைக்குப் போய் மாலையில் பயிற்சிக்கு வருகிறவர்கள் நிறைந்த பவேரிய அணிகளுக்கும் வடக்கின் சிறிய அணிகளுக்கும் நான்கு கூடுதல் ஆட்டங்களும் நீண்ட பேருந்துப் பயணங்களும் சுமையே. மேலே ஏற விரும்பாமல், தங்கள் வட்டாரத்தில் நல்ல கால்பந்து ஆடினால் போதும் என்றிருக்கும் கிளப்புகளும் இந்தத் தளத்தில் உண்டு. ரோடிங்ஹவுசன் விண்ணப்பிக்காதது அவமானமல்ல, நிதானமான முடிவு. அவர்களின் வசதியைக் கூச்சலால் மூழ்கடிக்கக் கூடாது.

இருந்தும் இரண்டு பக்கத்து இழப்பும் ஒரே தன்மையானதல்ல. பத்து அணிகளின் இறக்கம் ஒரு முறை நடப்பது. முன்கூட்டியே அறிவித்து, இரண்டு மூன்று பருவங்களில் படிப்படியாகச் செய்ய முடிவது. இறங்கியவர் களத்தில் வென்று திரும்ப முடிவது. சாம்பியனின் இழப்போ ஒவ்வொரு கோடையிலும் ஒருவருக்கு நேர்கிறது, அவர் களத்தில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்த பின்.

எல்லையை எங்கே போடுவது என்பதில்தான் உண்மையான சண்டை. வடகிழக்கைப் பிளக்காமல் மூன்றை இரண்டாக்க முடியாது. பால்டிக் கரையிலும் பெர்லினிலும் உள்ளவர்கள் வடக்கோடும், சாக்ஸனியும் துரிங்கியாவும் பவேரியாவோடும் சேர்வதே வரைபடம் சொல்லும் வழி. ட்ஸ்விக்காவிலிருந்து பவேரியாவின் ஹோஃப் நகரம் மிக அருகில்; பால்டிக் கரைப் பக்கத்துக் கிரைஃப்ஸ்வால்ட் பல மணி நேரத் தொலைவு. ஆனால் அப்படிப் பிரித்தால் லோகோமோட்டிவுக்கும் டைனமோவுக்கும் இடையிலான ஆட்டம் போகும். ரசிகர்களுக்கும் நுழைவுச்சீட்டு வருமானத்துக்கும் அது பெரிய இழப்பு. பவேரியாவோ தன் ஒற்றை மாநிலச் சங்கமே நடத்தும் சொந்தப் பிரிவை 2012-இல் பெற்றது. அதை விடுவது அதற்கு எளிதல்ல. ஆண்டுதோறும் பயணத் தொலைவைக் கணக்கிட்டு, மேற்கையும் தென்மேற்கையும் சேர்த்து நாடு முழுவதையும் புதிதாக நான்காகப் பிரிப்பது இவற்றுள் எனக்கு ஏற்புடையது. மாநில எல்லைகளின் புனிதத்தை அது ஐந்து பேரிடமிருந்தும் ஒரே அளவில் எடுக்கிறது, இரண்டு பேரை மட்டும் தொடாமல் விடுவதில்லை.

மேற்கும் தென்மேற்கும் இதற்குத் தலையசைக்குமா என்பது அவர்கள் கையில். வடகிழக்கின் கிளப்புகளுக்கு ஒன்று சொல்லலாம். 'சாம்பியன்கள் மேலேறியாக வேண்டும்' என்ற கோரிக்கையை முன்னின்று எழுப்பியவர்கள் அவர்கள். அது நியாயமான கோரிக்கை. அதோடு சேர்த்து, எங்கள் பிரிவைப் பிளக்க நாங்கள் சம்மதிக்கிறோம் என்ற வாக்கியத்தையும் அவர்களே முதலில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பவேரியாவிடம் அதன் பிரிவை விட்டுக்கொடுக்கக் கேட்கும் உரிமை அந்தக் கையெழுத்துக்குப் பிறகுதான் வரும்.